பள்ளி என்னும் ஒரு சொல்: பெரியபட்டினம் காட்டும் அயலுறவு

முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியனாகப் பணியாற்றியவன் நான். 'பள்ளி' என்னும் சொல்லை நாள்தோறும் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒரு நாள் வகுப்பில் இசுலாமிய மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, நாங்கள் படிக்க வருவதும் பள்ளி, தொழப் போவதும் பள்ளி. இரண்டுக்கும் ஒரே பேர் எப்படி வந்தது?" என்று கேட்டான். சமண முனிவர் தங்கிய இடம் பள்ளி. அங்கே அவர்கள் கல்வியும் கற்பித்தமையால் கற்கும் இடம் பள்ளிக்கூடம் ஆயிற்று என்று விடை கூறினேன். தொழும் இடம் பள்ளியானது எவ்வாறு என்பதற்கு அன்று என்னிடம் நிறைவான விடை இல்லை. பணி ஓய்வுக்குப் பின் கல்வெட்டு நூல்களைப் படிக்கத் தொடங்கியபோது, அவ்விடை இராமநாதபுரக் கடற்கரையில், பெரியபட்டினம் என்னும் ஊரின் வரலாற்றில் கிடைத்தது. அதனை இம்மலர் வாயிலாக நம் குடும்பத்தினருடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

ஊரும் பேரும்

இராமநாதபுரத்திற்குத் தென்கிழக்கே, திருப்புல்லாணிக்கு அப்பால், மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்தது பெரியபட்டினம். இன்று இது மீன்பிடித் தொழிலும் வெளிநாட்டுப் பிழைப்பும் கலந்த ஓர் ஊர். இசுலாமியர் மிகுதியாகவும், ஏனையோர் அவர்களுடன் இணைந்தும் வாழ்கின்றனர். பிற்காலப் பாண்டியர் கல்வெட்டுகளில் வரும் 'பவித்திரமாணிக்கப்பட்டினம்' என்னும் துறைமுகம் இவ்வூரே என்று ஆய்வறிஞர் கொள்வர்.

1980களின் பிற்பகுதியில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கு அகழாய்வு செய்தது. பேராசிரியர் எ. சுப்பராயலு அவர்களும், பின்னர் அவருடன் இணைந்து ஆராய்ந்த சப்பானிய அறிஞர் நொபோரு கராசிமா அவர்களும் இவ்வூரின் பழம்பெருமையை உலகறியச் செய்தனர். மண்ணுக்குள்ளிருந்து 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் திரளாக வெளிப்பட்டன. அவற்றுள் சீனத்தின் லோங்குவான் சூளைகளில் சுடப்பட்ட இளம்பச்சை நிறப் பீங்கான்களும் இருந்தன.

சீனப் பயணி வாங் தா-யுவான் 1349ஆம் ஆண்டையொட்டி எழுதிய நூலில் 'தா-பா-தான்' என்றொரு துறைமுகத்தைக் குறிக்கின்றார். சீன மொழியில் 'தா' என்பதற்குப் பெரிய என்று பொருள். எஞ்சியது 'பட்டினம்' என்பதன் ஒலிபெயர்ப்பு. ஆகவே அப்பெயர் 'பெரியபட்டினம்' என்பதன் நேர் வடிவம் என்று அறிஞர் கருதுவர். மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1340களில் இக்கடற்கரைக்கு வந்து, 'ஃபத்தன்' என்னும் அழகிய பெரிய துறைமுகத்தையும், அங்கே கடலுக்குள் தடித்த மரத்தூண்கள் நட்டு எழுப்பிய மண்டபத்தையும், கல்லாற் கட்டிய பள்ளிவாசலையும் குறித்து எழுதினார். அதுவும் இவ்வூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

காற்று தந்த அண்டை வீடு

பல நாட்டாரும் பல சமயத்தாரும் இக்கரையில் அடுத்தடுத்து வாழ நேர்ந்தமைக்கு முதற்காரணம் காற்று எனலாம். பாய்மரக் கப்பல் பருவக்காற்றுக்குக் கட்டுப்பட்டது. ஒரு காற்றில் வந்தவன் எதிர்க்காற்று எழும்வரை தன் நாடு திரும்ப இயலாது. மேலும், இராமேசுவரத்திற்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட சேதுவின் ஆழமற்ற நீரில் பெருங்கலங்கள் செல்ல முடியாது. மேலைக் கடலிலிருந்தும் கீழைக் கடலிலிருந்தும் வந்த சரக்குகள் இங்கே இறங்கி, கைமாறி, மீண்டும் ஏற வேண்டியிருந்தது. முத்துக்குளிக்கும் கடலும் இதுவே. பாண்டியர் படைக்கு வேண்டிய குதிரைகளும் இக்கரையில்தான் இறங்கின. ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரைகள் வந்தன என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகின்றார். தகியுத்தீன் அப்துர் ரகுமான் என்னும் அரபு வணிகக் குடும்பத்தார் பாண்டியரின் அமைச்சராக இருந்து, ஃபத்தன் உள்ளிட்ட துறைமுகங்களை மேற்பார்த்தார் என்பதையும் பாரசீக வரலாற்று நூல்கள் தெரிவிக்கின்றன.

சந்தைக்கு ஒரு நாள் வந்து போகிறவனுக்குக் கடைத்தெரு போதும். ஆறு திங்கள் தங்குகிறவனுக்கு வீடு வேண்டும். தன் முறைப்படி சமைக்க அடுப்பும், தொழ ஓர் இடமும், வழக்கு நேர்ந்தால் தீர்க்க ஒரு மன்றமும் வேண்டும். இறந்தால் புதைக்க ஆறடி நிலமும் வேண்டும். பெரியபட்டினப் பகுதியில் எபிரேய எழுத்துப் பொறித்த கல்லறைக் கல் ஒன்று கிடைத்துள்ளது. அது 13ஆம் நூற்றாண்டினது என்பர். எங்கோ பிறந்த யூதக் குடும்பம் ஒன்று தன் இறந்தோரைப் பாண்டி நாட்டு மணலில் புதைத்து, தன் மொழியிலேயே கல்லும் நாட்டியது. அக்கல்லை யாரும் தடுக்கவில்லை. வாழும்போது பொறுத்துக்கொள்வது ஒன்று. இறந்தவர்க்கும் இடம் கொடுப்பது வேறொன்று. வணிக ஊதியம் கருதி ஒருவனைக் கடைத்தெருவில் ஏற்கலாம். அவன் கல்லறையை ஏற்பதற்கு ஊதியம் மட்டும் காரணமாகாது.

பெருமாள் கோயிற் சுவரில் ஒரு பள்ளி

பெரியபட்டினத்திலிருந்து மேற்கே சிறிது தொலைவில் திருப்புல்லாணி ஆதி செகந்நாதப் பெருமாள் கோயில் உள்ளது. நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்றாகிய இக்கோயிலின் கல்வெட்டுகளுள் ஒன்று நம் கவனத்திற்குரியது. பாண்டிய மன்னனின் ஆணையாகிய அது 13ஆம் நூற்றாண்டினது. பவித்திரமாணிக்கப்பட்டினத்திலிருந்த 'சோனகச் சாமந்தப் பள்ளி'க்கு, அதாவது 'பிழார்ப்பள்ளி' என்று பெயர் பெற்ற பள்ளிவாசலுக்கு, இறையிலி நிலம் வழங்கியதை அது பதிவு செய்கின்றது. சோனகர் என்பது அரபு நாட்டாரையும் அவர்வழி வந்த இசுலாமியரையும் குறித்த பழந்தமிழ் வழக்கு.

இச்செய்தியை ஒருமுறை படித்துவிட்டுக் கடந்துவிடுதல் எளிது. சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். கொடுத்தவன் சைவ வைணவக் கோயில்களைப் போற்றிய பாண்டிய மன்னன். பெற்றது இசுலாமியர் தொழுகைப் பள்ளி. அக்கொடைக்குச் சான்றாக நின்ற சுவர் பெருமாள் கோயிலுடையது. நாளை ஒருவன் அந்நிலத்தின்மேல் வழக்கெடுத்தால், பள்ளிவாசலின் உரிமைக்கு ஆவணமாகத் திருமால் கோயிலின் கல்லைத்தான் காட்ட வேண்டும். இவ்வாறு ஒருவர் தம் உரிமைப் பத்திரத்தை மற்றொருவர் வீட்டுச் சுவரில் எழுதி வைக்கும் அளவிற்கு நம்பிக்கை இருந்தது.

இந்நம்பிக்கை ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. இதே கடற்கரையில் வடக்கே, தொண்டிக்கு அருகில் தீர்த்தாண்டதானம் என்னும் ஊர் உள்ளது. அவ்வூர்ச் சிவன் கோயிலின் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில், அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் முதலிய வணிகக் குழுவினர் ஒன்றுகூடி, தம் சரக்குகளின் மீது ஒரு பங்கைக் கோயில் திருப்பணிக்குக் கொடுக்க உடன்பட்ட செய்தி காணப்படுகின்றது. அஞ்சுவண்ணம் என்பது மேலைக்கடல் நாட்டு வணிகர் அமைப்பு. தொடக்கத்தில் யூதர், கிறித்தவர், இசுலாமியர் எனப் பலரும் அதில் இருந்தனர். பிற்காலத்தில் பெரிதும் இசுலாமிய வணிகரே அதன் உறுப்பினராயினர் என்பது சுப்பராயலு அவர்களின் முடிவு. பிறைக்கொடி வணிகரின் பணம் பிறைசூடியின் கோயிலைப் பழுது பார்த்தது.

சொல்லின் பயணம்

இனி, மாணவன் கேட்ட கேள்விக்கு வருவோம். தொழுகை நடத்த வந்த சோனகர் தம் வழிபாட்டிடத்திற்கு 'மசூதி' என்னும் அரபுச் சொல்லைத் தமிழர் நாவில் திணிக்கவில்லை. தமிழரும் அதனை அயற்சொல்லால் ஒதுக்கி வைக்கவில்லை. உருவ வழிபாட்டுக் கோயிலினின்று வேறுபட்ட, துறவும் கல்வியும் கூட்டு வழிபாடும் நிகழும் இடத்திற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது. அது சமணர் வாழ்ந்து வழங்கச் செய்த 'பள்ளி'.

கிறித்து பிறப்பதற்கு முன்பே, மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் சமண முனிவர்க்குக் கற்படுக்கைகள் வெட்டப்பட்டன. மாங்குளத்துக் கல்வெட்டில் வெள்ளறை என்னும் ஊரின் வணிகர் குழுவினர் கொடையளித்தோராக வருகின்றனர். அழகர்மலையில் உப்பு வணிகன், அறுவை வணிகன், கொழு வணிகன் எனப் பல தொழிலார் பெயர்கள் உள்ளன. எனவே, வணிகன் ஊர்விட்டு ஊர் செல்லும் வழியில் பள்ளியைப் பேணுதல் என்பது கடல் வணிகர்க்கு முன்பே இந்நாட்டில் நிலைபெற்ற ஒழுக்கமாகும். கழுகுமலையில் ஆசிரியர்களும், குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் மாணாக்கரைப் பயிற்றுவித்தனர். பள்ளிகளுக்கு விடப்பட்ட நிலம் 'பள்ளிச்சந்தம்' எனப்பட்டது.

சமணத்தின் சொல் பௌத்தத்திற்கும் உரியதாயிற்று. கடாரத்தை ஆண்ட சிரீவிசய மன்னன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூளாமணி விகாரத்தின் பள்ளிக்கு, முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக்கினான். கொல்லத்தில் மார் சபீர் ஈசோ எழுப்பிய கிறித்தவக் கோயில் 'தரிசாப்பள்ளி' எனப்பட்டது. அதற்குரிய 849ஆம் ஆண்டுச் செப்பேட்டில் அரபு, பகலவி, எபிரேயம் ஆகிய மூன்று எழுத்துகளில் சாட்சிகள் கையொப்பமிட்டுள்ளனர். அந்த வரிசையில்தான் பவித்திரமாணிக்கப்பட்டினத்துச் சோனகப் பள்ளியும் வருகின்றது. ஒரே சொல்லின் கூரையின்கீழ்ச் சமணர், பௌத்தர், கிறித்தவர், இசுலாமியர் அனைவரும் வந்து தங்கிச் சென்றனர்.

பள்ளி மட்டுமன்று, 'நோன்பு' என்பதும் இருவர்க்கும் பொதுச்சொல். நம் இல்லங்களில் நோன்பு என்றால் பொருள் வேறு. கீழக்கரையில் நோன்பு என்றால் ரமலான். நம் குடும்பங்களில் வழங்கும் 'நயினார்' என்னும் பட்டமே அக்கடற்கரை இசுலாமியரிடையே நயினார் முகம்மது என்றும் நெய்னா முகம்மது என்றும் வழங்குகின்றது. செஞ்சிக்கும் வந்தவாசிக்கும் உரியதென்று நாம் எண்ணும் ஒரு பெயர் அங்கே கடலோடிகளின் பெயராக உலவுகின்றது.

இலக்கியத்திலும் இக்கொடுக்கல் வாங்கல் உண்டு. விருத்தப்பாவில் பெருங்காப்பியம் செய்யும் வழியைத் திறந்தவர் சிந்தாமணி பாடிய திருத்தக்கதேவர். அவ்வழியில் கம்பரும் நடந்தார். பெருமானார் நபிகளின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடிய உமறுப்புலவரும் நடந்தார். உமறுவை ஆதரித்தவர் பெரியபட்டினத்துக்கு அண்மையிலுள்ள கீழக்கரையின் வள்ளல் சீதக்காதி. அவரே சைவராகிய படிக்காசுப் புலவரையும் ஆதரித்தார். பிற்காலத்தில் சிந்தாமணியை 1887இல் அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் சைவ நெறியினர். அந்நூலின் பொருளை அவர்க்கு விளங்க வைத்தவர்கள் கும்பகோணத்துச் சமண அன்பர்கள் என்பது நம்மவர் அனைவரும் அறிந்ததே.

எல்லை எழுதுதல்

நல்லிணக்கம் என்றவுடன், எல்லைகள் அழிந்து அனைவரும் ஒன்றாய்க் கலத்தல் என்று மேடைகளில் பேசப்படுகின்றது. பழைய ஆவணங்கள் காட்டுவது இதற்கு மாறானது. ஆனைமங்கலச் செப்பேட்டின்படி, பௌத்தப் பள்ளிக்குரிய நிலத்தின் எல்லையைப் பெண் யானை ஒன்றைச் சுற்றிவரச் செய்து அளந்து, கல்லும் கள்ளியும் நட்டனர். இதுவரை உன்னுடையது, இதற்கப்பால் என்னுடையது என்று ஊரறிய நடந்து காட்டினர். வாய்க்கால் யாருடையது, வழி யாருக்குரியது, வரி எவ்வளவு, கொடுப்பவர் யார் என்பன எழுதப்பட்டன. எழுதிய எல்லை பகையை வளர்க்கவில்லை, ஐயத்தை நீக்கியது. ஐயம் நீங்கிய இடத்தில் அண்டை வீட்டாருக்கு அச்சம் இல்லை.

நம் வரலாற்றிலேயே இதற்குச் சிறந்த சான்றொன்று உண்டு. விசயநகர மன்னன் முதலாம் புக்கராயன் காலத்தில், தமக்கு வைணவர் இழைத்த இடையூறுகளைச் சமணர் மன்னனிடம் முறையிட்டனர். 1368ஆம் ஆண்டில் மன்னன் சமணரின் கையை வைணவரின் கையில் வைத்து, இரு நெறிக்கும் வேறுபாடு இல்லை என்று கூறினான். அவன் அத்துடன் நின்றிருந்தால் அது நல்லதொரு காட்சியாக மட்டுமே முடிந்திருக்கும். சமணர் தம் வழிபாட்டில் ஐவகைப் பெருவாத்தியங்களையும் கலசத்தையும் பயன்படுத்தும் உரிமை எழுதப்பட்டது. வீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு பணம் திரட்டி, சிரவணபெளகொளாவின் காவலுக்கு இருபது பேரை அமர்த்தவும், எஞ்சிய தொகையால் பழுதுற்ற சினாலயங்களுக்கு வெள்ளையடிக்கவும் ஏற்பாடாயிற்று. அக்காவலரை அமர்த்தும் பொறுப்பு திருமலையைச் சேர்ந்த வைணவத் தாதையருக்கு அளிக்கப்பட்டது. கை சேர்த்ததோடு கணக்கும் எழுதினார்கள். அக்கணக்கே உடன்படிக்கையை நிலைநிறுத்தியது. திருப்புல்லாணிச் சுவரும் பெளகொளாக் கல்லும் கூறும் பாடம் ஒன்றே.

நம்மவர் அயலாராய் இருந்த ஊர்கள்

இடங்கொடுத்தவர் என்ற பெருமையை மட்டும் நாம் பேசுதல் முறையன்று. பிறர் ஊரில் இடம் பெற்றவராகவும் தமிழர் இருந்தனர். சீனத்தின் குவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. சம்பந்தப் பெருமாள் என்பவர் மங்கோலியப் பேரரசரின் உத்தரவு பெற்று அங்கே சிவபெருமான் திருமேனியை எழுந்தருளச் செய்தார் என்று அது கூறுகின்றது. சோனகர் பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் பள்ளி கட்டி வாழ்ந்த அதே நூற்றாண்டில், தமிழர் சீனத்தில் கோயில் கட்டி வாழ்ந்தனர்.

இலங்கையின் காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட கல் ஒன்று, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டு வந்தது. 1409ஆம் ஆண்டு நாளிட்டது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுத்துகள் உள்ளன. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்னும் திருமாலுக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் காணிக்கை கூறுகின்றன. பட்டியலிட்ட பொன்னும் வெள்ளியும் பட்டும் ஏறத்தாழச் சமமானவை. இக்கடலில் நிம்மதியாக வணிகம் செய்ய வேண்டுமாயின் மூவரையும் ஒப்ப மதித்தாக வேண்டும் என்பதை அந்த வெளிநாட்டார் நன்கு உணர்ந்திருந்தனர்.

இருண்ட ஏடுகளும் உண்டு

இவ்வரலாறு முழுவதும் ஒளி என்று எழுதினால் அது வரலாறாகாது. மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறினர் என்னும் புராணக் கதையை நாம் அறிவோம். அது நிகழ்ந்ததற்குச் சமகாலச் சான்று எதுவும் இல்லை எனினும், அக்கதை விழாவாக நினைக்கப்படும்போது நம் பிள்ளைகளின் மனம் படும் பாட்டை யாரும் மறுக்க இயலாது. அதே வேளையில், நீலகேசி முதலிய நம் நூல்களிலும் பிற சமயத்தாரை வாதில் வென்று இகழும் பகுதிகள் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பெரியபட்டினம் செழித்த அதே 14ஆம் நூற்றாண்டில் மதுரையில் சுல்தானகம் நடந்தது. அதன் சுல்தான் கியாசுத்தீன் இப்னு பதூதாவுக்குச் சகலை முறை. அவ்வாறிருந்தும், சிறைப்பட்ட பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அவன் இழைத்த கொடுமையை இப்னு பதூதா மறைக்காமல் எழுதிக் கண்டித்தார். பின்னாளில் 1693இல் இதே சேதுநாட்டில், ஓரியூரில், பாதிரியார் சான் டி பிரிட்டோ சேதுபதியின் ஆணையால் கொல்லப்பட்டார். எனவே, ஒரு மண்ணோ ஒரு மரபோ இயல்பாகவே இணக்கமானது என்று எண்ணி அமைதி கொள்வதற்கில்லை. இணக்கம் என்பது ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகச் செய்து பேண வேண்டிய ஒரு பணி. அதனை விட்டுவிட்ட தலைமுறையில் அது இல்லாமற்போனது. தன் இனத்தான் செய்த கொடுமையைத் தானே எழுதி வைத்த அப்பயணியின் நேர்மை, அப்பணியின் முதற்படி எனலாம்.

அயலார் காத்த மலை

பெரியபட்டினத்து யூதர் இன்று இல்லை. கல் மட்டும் எஞ்சியது. தேவகோட்டைக்கு அருகில் அனுமந்தக்குடியில் மழவநாதர் என்னும் பெயரில் சமணக் கோயில் உள்ளது. அப்பகுதியில் சினேந்திரமங்கலம் என்று ஓர் ஊர்ப்பெயரே வழங்கியது. தென்பாண்டி நாட்டின் குன்றுகள் எங்கும் நம் முன்னோர் பள்ளிகள் உள்ளன. ஆனால் அவ்வூர்களில் பெரும்பாலும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இல்லை. சமூகம் மறைந்த இடத்தில் அதன் பள்ளியைக் காப்பவர் யார்?

இக்கேள்விக்கு அண்மைக்காலம் ஒரு விடை தந்துள்ளது. மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில் அரிட்டாபட்டி என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள குன்றில் தமிழி எழுத்துக் கல்வெட்டும் தீர்த்தங்கரர் திருமேனியும் உள்ளன. பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலும் அவ்வூர்க் குன்றிலேயே உள்ளது. 2022இல் தமிழ்நாடு அரசு இதனைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 2024ஆம் ஆண்டின் இறுதியில் அப்பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்திற்கு உரிமம் வழங்க ஏற்பாடானபோது, சுற்றுவட்டார ஊர்களின் உழவர்கள் திரண்டெழுந்தனர். தமிழ்நாடு சட்டமன்றம் அவ்வாண்டு டிசம்பர் 9ஆம் நாள் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரித் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் மதுரை நோக்கி ஊர்வலமாகச் சென்றனர். அம்மாத இறுதிக்குள் நடுவணரசு அந்த ஏலத்தைக் கைவிட்டது.

அவர்கள் தம் நீருக்காகவும் நிலத்துக்காகவும் போராடினர் என்பது உண்மை. அதே மூச்சில், எங்கள் மலையில் சமணர் படுக்கை உள்ளது, மகாவீரர் உள்ளார் என்றும் எடுத்துரைத்தனர். அவ்வூர்களில் சமண இல்லம் ஒன்று இருந்ததால் அன்று. அம்மலை 'எங்கள் மலை' ஆனதால், அதிலிருந்த நம் தீர்த்தங்கரரும் அவர்களுடையவர் ஆனார். பெருமாள் கோயிற் சுவர் சோனகப் பள்ளிக்குச் சான்றாக நின்றது போல, இங்கே உழவர் சமணப் பள்ளிக்குச் சான்றாக நின்றனர்.

நம் கையிலுள்ள ஏடுகள்

தமிழ்நாட்டு மக்கள் தொகையில் சமணர் ஒரு விழுக்காட்டிலும் மிகக் குறைவு. அதிலும் தமிழ்ச் சமணர் இன்னும் சிலரே. 2014இல் சமணர்க்குத் தேசிய அளவில் சிறுபான்மையினர் என்னும் சட்டத் தகுதி கிடைத்தது. அத்தகுதி தேவையானதே. எனினும், சட்டம் தரும் காவலுக்கும் அயலார் தரும் காவலுக்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவது காவல், நாம் அயலாரை எவ்வளவு அறிந்திருக்கிறோம், அவர்கள் நம்மை எவ்வளவு அறிந்திருக்கின்றனர் என்பதைப் பொறுத்தது. ஒரு பொருளைப் பல கோணங்களில் காண வேண்டும் என்னும் அனேகாந்தம் நம் நூல்களில் மட்டும் தங்கிவிட்டால் பயனில்லை. அடுத்த தெருவாரின் கோணத்தில் நம் கோயில் எவ்வாறு தோன்றுகின்றது என்று அறியும்போதுதான் அது நடைமுறைக்கு வருகின்றது.

ஆகவே, இம்மலரைக் கையிலேந்தும் குடும்பத்தினர்க்கு ஒரு வேண்டுகோள். வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் நம் சினாலயங்களைச் சார்ந்த பழைய பத்திரங்களும் ஓலைகளும் கோயிற் கணக்குகளும் இன்னும் சில வீடுகளில் பரணில் கிடக்கலாம். அவற்றை எடுத்துத் தூசு தட்டிப் படித்துப் பாருங்கள். நம் கோயில் நிலத்தின் நான்கெல்லையில் யார் யாருடைய நிலமும் கோயிலும் குறிக்கப்பட்டுள்ளன, விளக்கெண்ணெய் எந்தக் கடையிலிருந்து வந்தது, தேர் ஓடிய நாளில் வடம் பிடிக்க யார் வந்தனர், அவர்கள் வீட்டு விழாவுக்கு நாம் என்ன கொடுத்தோம் என்பனவற்றைக் குறித்து வையுங்கள். ஏட்டில் இல்லாதவற்றை எண்பது வயதைக் கடந்த நம் பாட்டனார், பாட்டியாரிடம் கேட்டு எழுதுங்கள். அயல் தெருப் பெரியவர்களிடமும் கேளுங்கள். நாம் மறந்ததை அவர்கள் நினைவில் வைத்திருக்கக்கூடும்.

அவற்றின் படிகளை அறக்கட்டளையில் ஒப்படைத்தால், அடுத்த ஆண்டு மலரில் ஊர்வாரியாக வெளியிட இயலும். அச்சானதும் ஒரு படியை, அதில் பெயர் இடம்பெற்ற அயல் வீட்டார்க்கும் நாமே கொண்டுபோய்க் கொடுப்போம்.